அண்ணனுக்கு ஒரு சிறுநீரகம்

யாந்தினாவின் இரண்டு சிறுநீரகங்களும் சுத்தமாக இருந்தன. ஸ்வோல்லே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் திருப்பிக் காட்டி, "பாருங்க, சின்னப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருக்கு. ஒரு நீர்க்கட்டிகூட இல்லே," என்றாள்.

யாந்தினா வயிற்றில் தடவியிருந்த களிம்பைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஐம்பத்திரண்டு வயது வரை இந்தச் சோதனைக்கு அவள் போகாமலே காலத்தை ஓட்டியிருந்தாள். அந்த நோய் அவர்கள் குடும்பத்தில் ரத்தத்தோடு வருவது. அப்பாவுக்கு இருந்தது, அப்பாவின் அம்மாவுக்கும் இருந்ததாம். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அப்பா ஆல்பெர்ட்டுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். அண்ணன் ரூலோஃபுக்கு வந்தது, தங்கைக்கு வரவில்லை. திரையைப் பார்த்தபோது அவளுக்கு மூச்சு லேசானது. அடுத்த நொடியே, அண்ணனிடமிருந்து எதையோ பறித்துக்கொண்ட மாதிரி வெட்கமாகவும் இருந்தது.

ரத்தமும் பொருந்தியது. அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் தன் ஊரான ஹெனமய்டனுக்குத் திரும்பினாள். அவள் வேலை பார்ப்பது அங்கே ஒரு சின்னக் கம்பளப் பட்டறையில், கம்பளத்துக்கு ஓரம் தைக்கும் பிரிவில். அன்றைக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. கணவன் ஹார்மிடமும் சொல்லவில்லை.

ஹார்ம் பால் லாரி ஓட்டுபவன். ஆறடி மூன்றங்குல உயரம், திருச்சபையில் மூப்பர், பேச்சு குறைவு. சாயங்காலம் அவன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மேஜைக்கு வந்ததும் யாந்தினா காகிதத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தான்.

"இது ரூலோஃபுக்கா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலே."

"சொன்னா நீ போகாதேன்னு சொல்லுவே. பொருந்தலேன்னா வீணா சண்டை போட்டிருப்போம்."

"பொருந்திடுச்சு. இப்போ சண்டை போடலாமா?"

"சாப்பிட்டுட்டுப் போடலாம்."

அவன் ஜெபம் பண்ணினான். வழக்கத்தைவிட நீளமாகப் போனது. நடுவில் ஒரு இடத்தில் குரல் நின்று, பிறகு தொடர்ந்தது. ஆமென் சொன்ன பிறகும் முள்கரண்டியை எடுக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு, யாந்தி. வேறே ஒண்ணுமில்லே. உன்னை மயக்கம் போட்டுப் படுக்க வச்சு, நல்லா இருக்கிற உடம்பை அறுத்து... நீ வெளியே வரலேன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது."

"முட்டைக்காகவா கவலை?"

"சொல்றதுக்கு வேறே வார்த்தை வரலே. அதனால முட்டையைச் சொன்னேன்."

அன்றைக்கு அவர்கள் சண்டை போடவே இல்லை. மேஜையைச் சுத்தம் பண்ணும்போது ஹார்ம் அவளிடமிருந்து துடைக்கும் துணியை வாங்கி, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகத் தட்டுகளைத் துடைத்து அடுக்கினான். எல்லாவற்றையும் தப்பான அலமாரியில் அடுக்கினான். யாந்தினா அதை மாற்றி அடுக்கவில்லை.

*

ரூலோஃப் இருந்தது ஹாசெல்ட் படித்துறையில் கட்டிப்போட்டிருந்த சரக்குப் படகில். அறுபத்தேழு மீட்டர் நீளம். அம்மா பேரில் 'யோஹன்னா' என்று அப்பா பெயர் வைத்தது. மணலும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு ரைன் நதி நெடுக, பாசல் வரைக்கும் போய் வந்த படகு பதினான்கு மாதமாக நகரவில்லை. வாரத்துக்கு மூன்று காலை ரூலோஃபுக்கு ரத்தம் சுத்தம் பண்ண வேண்டியிருந்தது. மெஷினை விட்டு மூன்று நாள் தள்ளிப் போனால் உயிர் இருக்காது. மனைவி பிரிந்துபோய் வருஷங்கள் ஆகிவிட்டன. படகை விற்கச் சொன்னவர்களிடம், "வித்துட்டு எங்கே தூங்கறது? கரையிலே படுத்தா எனக்குத் தலை சுத்தும்," என்பான்.

வியாழக்கிழமை யாந்தினா ஆப்பிள் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள். அவனுக்கு உருளைக்கிழங்கு ஆகாது, வாழைப்பழம் ஆகாது. சூப்பும் தண்ணீர்க் கணக்கில் சேரும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் எதையும் குடிக்கக் கூடாது. அவள் உள்ளே நுழைந்தபோது அவன் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"வா வா. மூப்பரம்மா வந்தாச்சு. கேக் வந்தாச்சு. ஊர்லே யாரு செத்தா?"

"யாரும் சாகலே. நான் ஒண்ணு சொல்லணும், அண்ணே. நடுவிலே பேசாதே."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: ஸ்கேன், ரத்தம், க்ரோனிங்கன் ஆஸ்பத்திரிக்காரர்கள் இருவரையும் கூப்பிட்டிருப்பது. ரூலோஃப் நடுவில் பேசவில்லை. ஐஸ் கட்டியைக் கடித்து நொறுக்கினான்.

"வேண்டாம்."

"ஏன்?"

"சிறுநீரகத்தோட சேத்து ஒரு பிரசங்கத்தையும் உள்ளே வச்சுத் தைச்சிருவீங்க. அப்புறம் எனக்கு ஓய்வுநாள் தவறாம சங்கீதமா வரும்."

யாந்தினாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

"இல்லே யாந்தி, நெஜமாத்தான் சொல்றேன். இருபத்தாறு வருஷமா நீ என்னைச் சபைக்கு இழுக்கப் பாக்கறே. கேக் கொண்டுவந்தே, போதகரைக் கொண்டுவந்தே, பிறந்தநாளுக்குக் காலண்டர் அனுப்பினே. தினமும் ஒரு வசனம் கிழிக்கிற காலண்டர். இப்போ சிறுநீரகம் கொண்டுவந்திருக்கே. இதுக்கு மேலே உங்கிட்ட குடுக்க என்ன இருக்கு? நான் வரலேன்னா அடுத்தது கல்லீரலா?"

"நான் அதுக்காகக் குடுக்கலே."

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. கேக் பெட்டியின் மூடியை எடுத்து, திரும்ப மூடினாள்.

ரூலோஃப் அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு கோவிலுக்குள் கால் வைத்ததில்லை. அன்றைக்குப் போதகர் நோயைத் தேவனுடைய சிட்சை என்று பேசினதைக் கேட்டு நடுவிலேயே எழுந்து போய்விட்டான் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். யாந்தினாவும் அப்படித்தான் நம்பினாள். அந்த நாளிலிருந்து அவள் ஜெபத்தில் அண்ணன் பெயர் விட்டுப்போன ராத்திரி கிடையாது. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்துகொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவான் என்று நினைத்து நினைத்து, அந்தக் காட்சி அவளுக்கு மனப்பாடமாகவே ஆகிவிட்டிருந்தது.

"கேக்கை வச்சுட்டுப் போ," என்றான் ரூலோஃப். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

*

அவன் வேண்டாம் என்று சொன்னாலும், க்ரோனிங்கனில் குறித்த தேதிக்கு அவள் போனாள். உறுப்பு கொடுக்க வருகிறவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். பேசியது டீமர்ஸ்மா என்கிற நடுவயதுப் பெண். கழுத்தில் நீலத் துணி சுற்றியிருந்தாள். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா, குடும்பத்தில் யாராவது மிரட்டினார்களா என்று வரிசையாகக் கேட்டாள். இல்லை, இல்லை என்று யாந்தினா சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அப்போ ஏன் குடுக்கறீங்க?"

யாந்தினா தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்த பதில் ஒன்று இருந்தது. அது வரவில்லை.

"எங்க ஆண்டவர் சீஷர்களோட காலைக் கழுவினார்," என்றாள். "அதிலே ஒருத்தன் வேண்டாம், வேண்டாம்னு கத்தினான். எங்க அண்ணன் மாதிரி. சின்ன வயசிலேர்ந்து எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அவரு எனக்குச் செஞ்சதுக்குத் திருப்பிச் செய்ய என்னாலே முடியாது. அவர் கேக்கவும் இல்லே. ஆனா வீட்டு மனுஷனுக்குச் செய்யலாம் இல்லையா?"

டீமர்ஸ்மா எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

"இப்போ ஒண்ணு கேக்கறேன். எல்லாரையும் கேக்கறதுதான். நீங்க குடுத்தது ஒரே வாரத்திலே கெட்டுப் போச்சுன்னு வைங்க. இல்லே, நல்லா வேலை செஞ்சு, உங்க அண்ணன் உங்களுக்கு ஒரு நன்றிகூட சொல்லலே, நீங்க ஆசைப்படற எதையும் செய்யலேன்னு வைங்க. அப்போ?"

யாந்தினா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு ஆள் பூட்டைத் திறக்க முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தான். நீங்கள் ஆசைப்படுகிற எதையும். கடைசி பெஞ்ச் அவளுக்கு நினைவில் வந்தது. அது வெறுமனே கிடக்கிற மாதிரி நினைத்துப் பார்த்தாள். அடுத்த ஞாயிறும் வெறுமனே கிடக்கிறது. பத்து வருஷம் கழித்தும் யாரும் வரவில்லை. அண்ணன் எங்கேயோ ஆற்றில் படகு ஓட்டிக்கொண்டிருக்கிறான், சிவந்த முகத்தோடு, யாரையோ திட்டிக்கொண்டு. உயிரோடு.

"கெட்டுப் போச்சுன்னா ரெண்டு நாள் அழுவேன்," என்றாள். "மத்தது... அவன் வரமாட்டான்னே வச்சுக்கறேன். அப்பவும் குடுப்பேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. தோளிலிருந்து கனமான கோட்டைக் கழற்றியது போலிருந்தது. ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் வழியில் ஒரு பொட்டலம் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கி, சூடு ஆறுவதற்குள் நின்றுகொண்டே தின்றாள்.

அங்கிருந்து நேராகப் படகுக்குப் போனாள்.

"அண்ணே, நீ கேட்டது சரிதான். எனக்கு அந்த ஆசை இருந்துச்சு. இப்போ அதை விட்டுட்டேன். சிறுநீரகம் மட்டும்தான் தர்றேன், வேறே ஒண்ணும் கேக்கலே. சபையைப் பத்தி, ஆண்டவரைப் பத்தி, நீயா கேக்காம உங்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

ரூலோஃப் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஜெபம்?"

"அது நிறுத்தமாட்டேன். உனக்குக் கேக்காது."

"காலண்டர்?"

"காலண்டரும் கிடையாது."

அவன் தாடையைச் சொறிந்துகொண்டான். "மூணு வருஷம் வரிசையிலே நில்லுன்னு சொல்லியிருக்காங்க. மூணு வருஷம் நான் தாங்கமாட்டேன்னு எனக்கே தெரியும்," என்றான். "சரி. வர்றேன்."

*

மே மாதம் பதினான்காம் தேதி ஆபரேஷன். முந்தைய நாளே இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள்; ஒரே மாடி, எதிரெதிர் அறைகள். ஹார்ம் யாந்தினாவின் பெட்டியை வைத்துவிட்டு, காப்பி வாங்கப் போனான். மாலை நான்கு மணி வெயில் தாழ்வாரம் முழுக்க விழுந்திருந்தது. ரூலோஃப் ஆஸ்பத்திரிச் சட்டையோடு அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்கு வேண்டாம், யாந்தி."

அவள் கட்டிலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "இப்போ என்ன?"

"நான் இதுக்கு லாயக்கில்லாதவன். சொல்லிடறேன், கேட்டுக்கோ. அப்புறம் நீயே வீட்டுக்குப் போயிடுவே."

அவன் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அப்பா கடைசியா படுத்திருந்தப்போ எங்கிட்ட கேட்டார். நீ பொண்ணு, கல்யாணமாகப் போறவ, உன்னைக் கேக்கமாட்டேன்னுட்டார். என்னைக் கேட்டார். 'ரூலோஃப், உன்னோடதிலே ஒண்ணு எனக்குப் பொருந்துமான்னு பாக்கச் சொல்லலாமா'ன்னு. அவரு அப்படி கெஞ்சி நான் பாத்ததே இல்லே. நான் பாக்கலாம்பான்னு சொன்னேன். மறுநாள் விடியறதுக்குள்ளே பாசல் போற படகு ஒண்ணிலே கூலியாளா ஏறிட்டேன். ஆறு வாரம் திரும்பலே. திரும்பினப்போ..." அவன் கையை விரித்தான். "போதகர் பேசினதுனாலே எழுந்து போகலே நான். அப்பா படுத்திருந்த பெட்டியைப் பாக்க முடியலே. அவ்வளவுதான். அதுக்கப்புறம் கோவில் கதவைப் பாத்தாலே அந்தப் பெட்டிதான் தெரியுது."

யாந்தினா ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆனா அண்ணே, உனக்கே நோய் இருந்துச்சே. நீ போயிருந்தாலும் மொதல் ஸ்கேன்லேயே வேண்டாம்னு அனுப்பியிருப்பாங்க."

"தெரியும். பதினாறு வருஷம் முன்னாலே எனக்கு இருக்குன்னு சொன்னப்பவே அதைத்தான் நெனச்சேன். அதனாலே என்ன? எனக்கு இருந்தது எனக்கு அப்போ தெரியாதே. நான் ஓடினது ஓடினதுதான்."

அவளுக்கு ஏதோ ஒன்று உள்ளே மெல்ல அசைந்தது. அப்பாவின் கடைசி வாரம். ரத்தத்தில் விஷம் ஏறி, பாதி நேரம் நினைவில்லாமல் கிடந்தார். அவள் ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள். "அப்பா எங்கிட்ட ஒண்ணு சொன்னார். சாகறதுக்கு நாலு நாள் முன்னாலே. 'ரூலோஃப் கிட்ட நான் கேட்டிருக்கக் கூடாது. பிள்ளைகிட்ட அப்பன் கேக்கற விஷயமா அது. அவன் போனது நல்லதுக்குத்தான், அவன்கிட்ட சொல்லிடு'ன்னார்."

ரூலோஃப் தலையை நிமிர்த்தினான்.

"படகை எடுத்து நடத்தச் சொல்லி உன்னைக் கேட்டிருந்தார் இல்லையா, அதைத்தான் சொல்றார்னு நெனச்சேன். நீயோ திரும்பி வந்து படகை எடுத்துக்கிட்டே. இனிமே இதைச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். நான் மடச்சி. இருபத்தாறு வருஷம் உன்னோட சாமானை நான் பூட்டி வச்சிருந்திருக்கேன்."

"அப்படியேதான் சொன்னாரா?"

"அப்படியேதான்."

"'பிள்ளைகிட்ட அப்பன் கேக்கற விஷயமா'ன்னு?"

"ஆமா. அப்புறம் 'என் கண்ணு முன்னாலே நின்னு ஆமான்னு பொய் சொன்னான், கழுதை'ன்னு சிரிச்சார். அதுவும் எனக்கு அப்போ புரியலே."

ரூலோஃபின் முகம் கோணியது. அவன் சுவரோடு சரிந்து, ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்தாறு வயது ஆள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதான். யாந்தினா கீழே இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். வாசலில் எட்டிப் பார்த்த நர்ஸிடம் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு அவன் சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லே. வாக்கு குடுத்திருக்கேன்."

"சொல்லித் தொலை. வெடிச்சிருவே போலிருக்கு. ஒரே ஒரு வார்த்தை."

"ஸ்தோத்திரம்," என்றாள் யாந்தினா.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

ஹார்ம் மூன்று காப்பியோடு வந்தபோது இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, கண்ணெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கோப்பைகளை ஜன்னலில் வைத்துவிட்டு, மச்சானைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

*

காலையில் யாந்தினாவைத்தான் முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஹார்ம் லிஃப்ட் வரைக்கும் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். லிஃப்ட் கதவு மூடும்போது விட மனசில்லாமல் கையை உள்ளேயே வைத்திருந்ததில் கதவு இரண்டு தடவை திறந்து திறந்து மூடியது. "கையை எடு ஹார்ம், நான் போகணும்," என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளே விளக்குகள் பெரிதாக இருந்தன. யாரோ அவளைப் பிடித்த இடத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், வரவில்லை. இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. படுத்துக் கிடந்தால் போதும். அப்படி அவள் கடைசியாக எப்போது படுத்தாள் என்று யோசிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. இடது பக்கம் யாரோ உதைத்த மாதிரி வலித்தது. பக்கத்தில் ஹார்மின் பெரிய கை அவள் கையை மூடியிருந்தது.

"அவன்?"

"இன்னும் உள்ளே."

மறுபடி தூங்கினாள். மறுபடி விழித்தாள். ஹார்ம் இல்லை. பக்கத்துக் கட்டில்களில் நாலைந்து பேர் படுத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் மூன்றைக் காட்டியது. அப்போதுதான் பயம் வந்தது. கெட்டுப்போனால் ரெண்டு நாள் அழுவேன் என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டாள். அண்ணனுடைய உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாவிட்டால்? ரத்தம் ஓடாவிட்டால்? ஜெபிக்கப் பார்த்தாள், 'ஆண்டவரே' என்பதற்கு மேல் மருந்து விடவில்லை.

கதவு திறந்தது. ஹார்ம் வந்தான். நடந்து வரவில்லை, கிட்டத்தட்ட ஓடி வந்தான். சபையில் யாருடைய வீட்டுக்கதையையும் காதில் வாங்காத, வாயில் ஒரு தப்பான சொல் வராத அந்த மூப்பர், வார்டு நடுவில் நின்று, அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்:

"மூத்திரம் வந்துருச்சு, யாந்தி! இணைச்ச உடனேயே, மேஜை மேலேயே வந்துருச்சாம்! டாக்டரம்மா மேலேயே பீய்ச்சி அடிச்சுதாம்! இப்போ பை பையா நெறையுது!"

எதிர்க் கட்டிலில் படுத்திருந்த கிழவர் கைதட்டினார். நர்ஸ் சிரித்தாள். ஹார்முக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. காது வரைக்கும் சிவந்துபோய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மனைவியின் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. யாந்தினாவுக்குச் சிரிக்கவேண்டும் போலிருந்தது, சிரித்தால் தையல் இழுத்தது. "சிரிக்க வைக்காதே, சிரிக்க வைக்காதே," என்று கண்ணீர் வழிய முனகினாள்.

மறுநாள் அவளைச் சக்கர நாற்காலியில் அண்ணன் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ரூலோஃப் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. சாம்பல் நிறம் ஒரே ராத்திரியில் போய்விட்டது. மேஜையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஜாடி.

"பாரு," என்றான். ஒரு பெரிய கண்ணாடி டம்ளரை விளிம்பு வரைக்கும் ஊற்றி, மூச்சு விடாமல் குடித்தான். மோவாயில் வழிந்தது. துடைக்கவில்லை. இன்னொரு டம்ளர் ஊற்றினான்.

"குடி குடின்னு திட்டறாங்க, யாந்தி. குடிக்கச் சொல்லித் திட்டறாங்க!"

"எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு." அவன் அடிவயிற்றின் வலது பக்கத்தில் கட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். "முன்னாலே வச்சுத் தைச்சிருக்காங்க. கை வச்சா தெரியுது. பிரசங்கம் ஒண்ணும் கேக்கலே. இதுவரைக்கும்."

அவன் இரண்டாவது டம்ளரைப் பாதி குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள்.

*

நான்காம் நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது என்று உத்தரவு. துணிக்கூடை, வாளி எதையும் தொடக்கூடாது. ஹார்ம் லாரிக் கம்பெனியில் இரண்டு வாரம் லீவு எடுத்தான். முதல் நாள் உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, வெந்தபிறகு தோலை உரிக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டான். இரண்டாம் நாள் வெள்ளைத் துணியோடு தன் சிவப்புக் காலுறையைப் போட்டுத் துவைத்து, படுக்கை விரிப்பெல்லாம் இளஞ்சிவப்பாயிற்று.

"இந்த வேலையை எல்லாம் நீ தினமும் பட்டறைக்குப் போய் வந்து செய்யறியா?" என்று கேட்டான் ஒரு மாலை, சமையலறை நடுவில் துடைப்பத்தோடு நின்று.

"ஆமா."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"பாத்தா தெரியும்னு நெனச்சேன்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். லாரி ஓட்டும்போது யோசிப்பது போல, எதிரே பார்த்துக்கொண்டே. "ஆறு வாரம் முடிஞ்சதும் பாத்திரம் எனக்கு, துணி உனக்கு," என்றான். "துணி எனக்கு வரலே."

லீவு முடிந்து லாரிக்குத் திரும்பின பிறகும், வேலை விட்டு வந்து அவனே சமைத்தான். ஜூலை முதல் வாரம் யாந்தினா பட்டறைக்குப் போக ஆரம்பித்தாள். களைப்பு இருந்தது; மத்தியானம் தானாகக் கண்ணை மூடிக்கொண்டுவிடும். ஆகஸ்ட் கடைசியில் டாக்டர்கள் ரூலோஃபுக்கு உத்தரவு கொடுத்தார்கள்: பளு தூக்காமல், கூட ஒரு கப்பலாள் வைத்துக்கொண்டு, மாதம் ஒருதரம் ரத்தப் பரிசோதனைக்கு வந்துவிடுவதாக இருந்தால் படகை எடுக்கலாம். ஒரு புதன்கிழமை காலை 'யோஹன்னா'வின் எஞ்சின் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு இருமி இருமிக் கிளம்பியது. யாந்தினா படித்துறையில் நின்று பார்த்தாள். ரூலோஃப் சுக்கான் அறை ஜன்னலைத் திறந்து, வழியில் குறுக்கே வந்த உல்லாசப் படகுக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினான். பிறகு தங்கையைப் பார்த்துக் கையை ஆட்டினான். படகு வளைவில் திரும்பி மறைகிறவரை அந்தத் திட்டு காற்றில் வந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ட்ரெய்ன்யே என்கிற பக்கத்துத் தெருப் பெண் யாந்தினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷிதான், மனசில் நினைப்பதை வாய் தாங்காது.

"நானும் வாரா வாரம் பாக்கறேன், யாந்தினா. உங்க அண்ணன் வரக் காணோமே? அவ்வளவு பெரிய காரியம் நீ பண்ணியிருக்கே. இதுக்கப்புறமும் ஒரு மனுஷன் ஆண்டவருக்கு முன்னாலே வந்து நிக்கலேன்னா எப்படி? எங்கே இருக்கார் அவர்?"

யாந்தினா கோவில் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி முள்ளாகக் குத்தியிருக்கும். வீட்டுக்குப் போய் அழுதிருப்பாள். இப்போது எங்கேயும் குத்தவில்லை.

"ரைன்லே, கோப்லென்ஸ் பக்கத்திலே இருப்பான்," என்றாள். "ஆயிரம் டன் ஜல்லி ஏத்திக்கிட்டு. நேத்து போன் பண்ணினான். நல்லா சாப்பிடறானாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான், ட்ரெய்ன்யே. நல்லா சாப்பிடறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ட்ரெய்ன்யேவுக்கு ஏனென்று புரியவில்லை. இருந்தாலும் அவளும் சிரித்து வைத்தாள். ஹார்ம் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். சனிக்கிழமையே சூப் செய்து வைத்திருப்பதாகவும், இந்தத் தடவை உப்பு சரியாக இருப்பதாகவும் சொன்னான். யாந்தினா ஏறி உட்கார்ந்து, சீட்டை நன்றாகப் பின்னால் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஊர் எல்லைப் பாலம் வருவதற்குள் தூங்கிப்போனாள். ஹார்ம் அவளை எழுப்பாமல், வீட்டைத் தாண்டி, ஆற்றோரமாக இன்னும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.